சூப்பர்சார்ஜர் புல்லி அளவு, விகிதம், பூஸ்ட்: வாசகர் கேள்விகள்

கே: என் மஸ்டாங் காரின் சூப்பர்சார்ஜருக்கு 2.8 அங்குலப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) வாங்கிவிட்டேன். எவ்வளவு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கிடைக்கும்?

ப: எஞ்சின் தண்டில் இருக்கும் கிராங்க் புல்லியின் விட்டம், எஞ்சினின் கொள்ளளவு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் மாடல் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். அளந்து எழுதுங்கள்.

கே: விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி?

ப: கிராங்க் புல்லியின் விட்டத்தைச் சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 7.5 அங்குலத்தை 3 அங்குலத்தால் வகுத்தால் 2.5, எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் ரோட்டர் 15,000 சுற்றில் ஓடும். அந்த வேகத்தை உங்கள் ரோட்டர் தாங்குமா என்பதைத் தயாரிப்பாளரின் வரம்போடு ஒப்பிட்ட பிறகே புல்லியை வாங்குங்கள்.

கே: என் 2004 மினி கூப்பர் எஸ்-இல் 15 சதவீதம் சிறிய புல்லி போட்டால் பூஸ்ட்டும் 15 சதவீதம்தானே கூடும்?

ப: இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். விட்டம் 15 சதவீதம் குறைந்தால் ரோட்டரின் வேகம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். அந்த 18 சதவீதத்தையும் பூஸ்ட் மீட்டர் காட்டும் எண்ணோடு பெருக்கக் கூடாது. வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐ-யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) சேர்த்த பிறகே பெருக்க வேண்டும். மீட்டர் 10 காட்டினால் மொத்தம் சுமார் 25. அது 18 சதவீதம் கூடி 29 ஆனால் மீட்டரில் 14-க்கு மேல் தெரிய வேண்டும். ரோட்டர் இடுக்குகளில் காற்று கசிவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனால் வெப்பம் தவறாமல் வரும். 30 டிகிரியில் நுழையும் காற்று, 10 பிஎஸ்ஐ-யிலேயே 100 டிகிரியைத் தாண்டி வெளியேறும். எஞ்சின்மேல் அமர்ந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் சிறிய இன்டர்கூலர் எவ்வளவைத்தான் தணிக்கும்? புல்லியை மட்டும் மாற்றி, பழைய டியூனிங்கோடு ஓட்டப்பட்ட ஒரு வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் அலுமினியப் புள்ளிகள் இருந்தன. அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. எரிபொருளையும் இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) சரிசெய்யாமல் புல்லியைத் தொடாதீர்கள்.

கே: ஹெட்டர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்) மாற்றியபின் பூஸ்ட் 2 பிஎஸ்ஐ குறைந்துவிட்டது. சூப்பர்சார்ஜர் பழுதா?

ப: இல்லை. எஞ்சின் இப்போது காற்றை எளிதாக உள்ளே வாங்கி வெளியே விடுகிறது, அதனால் காற்று தேங்கி அழுத்தம் ஏறுவதில்லை, சக்தி கூடியிருக்கும்.

கே: 5,000 சுற்றுக்கு மேல் பூஸ்ட் சரிகிறது.

ப: பெரும்பாலும் பெல்ட் வழுக்கும். புல்லி சிறுத்தால் பெல்ட் பற்றும் பரப்பும் சிறுக்கும். சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டைக் கண்டபடி இறுக்கினால் பேரிங் போய்விடும்.

கே: அதற்குப் பதிலாகக் கிராங்க் புல்லியைப் பெரிதாக்கலாமா?

ப: பிடிமானம் நன்றாக இருக்கும். ஆனால் அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டரும் தண்ணீர் பம்பும் சேர்ந்தே வேகம் எடுக்கும். ரோட்டரின் வரம்பை இங்கும் கணக்கிடுங்கள்.