கேள்வி-பதில்: அணைத்தாலும் திரும்ப எரியும் இன்ஜின் விளக்கு

கே: இன்ஜின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேன் செய்து, கோளாறுக் குறியீடு பி0420 என்றார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி எரிகிறது. இப்போது அந்தக் கன்வெர்ட்டரே போய்விட்டதாம். நம்புவதா? (சாட்ஸ்வர்த்)

ப: சோதிக்காமல் நம்பாதீர்கள். பி0420 என்றால் கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். அதைக் கண்டு சொன்னதே பின் சென்சார்தான். தபால்காரரை மாற்றினால் கடிதத்தில் உள்ள சேதி மாறிவிடுமா?

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்தி, ஸ்கேனரில் இரண்டு சென்சாரின் அளவையும் காட்டச் சொல்லுங்கள். சாதாரண வகை முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். பின் சென்சார் 0.6, 0.7 என்று அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் முடிந்தது. அதற்கு முன் சைலன்சர் குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பாருங்கள்: குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது டிக் டிக் சத்தம், இணைப்பைச் சுற்றிக் கரி. அந்த ஓட்டை வழியே காற்று உள்ளே போனால் சென்சார் தப்பாகப் படிக்கும். இன்ஜின் ஆயில் குடித்தாலும், மிஸ்ஃபயர் ஆனாலும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதுக் கன்வெர்ட்டரும் கெடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கையில் வாங்குங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க்கில் பூமியைத் தோண்டி எடுக்கும் அதே உலோகங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் அதற்கு நல்ல காசு தருவார். புதியதற்கு முழு விலையையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு, பழையதையும் விற்றுக் காசாக்கும் பட்டறைகள் உண்டு. இதை என்னால் பொறுக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 67: கழற்றிய பாகங்களைத் தனியே எடுத்துவைத்து உங்களிடம் தர வேண்டும், வேண்டாம் என்று நீங்களே சொன்னால் ஒழிய. ஜாப் கார்டில் (பட்டறையின் வேலைச் சீட்டில்) பழைய பாகங்கள் வேண்டாம் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தவறான சோதனைக்காகக் கட்டிய சென்சார் பணத்தைப் பிரிவு 54-ஐக் காட்டி எழுத்தில் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போங்கள்.

கே: விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஓட்டலாமா?

ப: கூடாது. மின்னினால் மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரை எரித்துவிடும்.

கே: டீசல் பக்கி (பிக்கப் வண்டி), குறியீடு பி0401. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வை அடைக்கத் தகடு விற்கிறார்கள். வாங்கலாமா? (டோங்காட்)

ப: ஈஜிஆரில் ஓட்டம் போதவில்லை என்பதுதான் பி0401. தகடு வைத்தால் இருக்கிற ஓட்டமும் நின்றுபோகும். வால்வையும் அதன் குழாயையும் கழற்றிக் கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு மாட்டுங்கள்.

கே: டீலரிடம் பழைய கார் வாங்கினேன். மூன்றாம் நாளே விளக்கு எரிந்தது. ஃபூட்ஸ்டூட்ஸ் (குறை இருந்தாலும் உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்கிறார். (லெனேசியா)

ப: கவலைப்படாதீர்கள், அந்தக் கையெழுத்தைக் காட்டி டீலர் தப்ப முடியாது. குறையை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லி விற்கவில்லை என்றால், அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 56-இன்படி 6 மாதத்துக்குள் ரிப்பேரா, மாற்றுக் காரா, பணமா என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். உடனே எழுத்தில் கொடுங்கள். கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிட்டு விற்றிருந்தால் அதற்கும் தடயம் இருக்கும்: அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பல கார்களில் ஸ்கேனர் காட்டும். அது 40 கிலோமீட்டர் என்று காட்டி, கார் தன் கன்வெர்ட்டரைத் தானே சோதிக்கும் கேட்டலிஸ்ட் சோதனையும் முடியாமல் கிடந்தால், விற்பதற்குச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள். திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

கே: ஃபேஸ்புக்கில் பார்த்து ஒருவரிடம் கார் வாங்கினேன். விளக்கு எரிந்தது, வெறும் சென்சார்தான் என்றார். இப்போது கன்வெர்ட்டர் என்கிறார்கள்.

ப: எரிவதைப் பார்த்தபிறகும் ஏன் ஸ்கேன் செய்யவில்லை? தன் சொந்தக் காரை விற்றவர்மேல் இந்தச் சட்டம் பாயாது. கன்வெர்ட்டர் என்று தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி.

கே: ஆன்லைனில் ஆக்சிஜன் சென்சார் கால் விலைக்குக் கிடைக்கிறதே?

ப: வேண்டாம். நான் வாங்கியதில் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் எரிந்து, அதற்கான குறியீடு பி0141 காட்டியது.