மறு: வகுப்பாசிரியர் வெளியே போனதும் கூச்சல்

வகுப்பாசிரியர் வெளியேறியதும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பயிற்சி ஆசிரியரான உங்களைப் பொருட்படுத்துவதில்லை, கண்டிப்பு போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்களே எழுதிய ஒரு வரியைக் கவனியுங்கள்: கதை சொல்லும்போது கேட்கிறார்கள், நோட்டை எடுக்கச் சொன்னதும்தான் கலைகிறார்கள். சிக்கல் அந்த மாறும் நேரத்தில் இருக்கிறது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதுதான்: குறும்பு நடந்தபின் எப்படிக் கண்டிக்கிறோம் என்பதைவிட, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு வகுப்பை எப்படி நகர்த்துகிறோம் என்பதே முக்கியம்.

ஆகவே "நோட்டை எடுத்து, தேதி எழுதி, கோடு போட்டு, முதல் கணக்கைச் செய்யுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஏழு வயதில் அத்தனையும் நினைவில் நிற்காது (பெரியவர்களுக்கே நிற்பதில்லை). ஒன்றைச் சொல்லுங்கள், பெரும்பாலானோர் முடித்ததைப் பார்த்தபின் அடுத்தது. நோட்டுகளை நீங்களே விநியோகிக்க வேண்டாம். நீங்கள் முதுகைத் திருப்பும் அந்தச் சில நொடிகள் போதும் அவர்களுக்கு! வரிசைக்கு ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் முடிப்பவர்களுக்கான வேலையைக் கரும்பலகையில் முன்பே எழுதி வையுங்கள். சும்மா இருக்கும் கைகள்தான் முதலில் குறும்பைத் தொடங்கும்.

ஒரு பையன் பக்கத்துப் பிள்ளைகளைக் கிள்ளுகிறான் என்று சொன்னீர்களே, அவனைப் பெயர் சொல்லி அதட்டாமல், பாடத்தையும் நிறுத்தாமல், அருகில் போய் நில்லுங்கள்.

வகுப்பை அமைதியாக்க வகுப்பாசிரியர் என்ன சைகை செய்கிறார்? அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். புதிதாக ஒன்றைப் பழக்க உங்கள் பயிற்சிக் காலம் போதாது.