முன்நெற்றி முடி பின்னால் போகிறது, புருவமும் உதிர்கிறது. எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

எண்ணெயை விடுங்கள் தோழி, முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு மாதவிடாய் நின்று சில வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு 52 வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் போனது புருவம். பென்சிலால் வரைந்து சமாளித்தேன். பிறகு காதோரம், முன்நெற்றி. சீப்பில் கொத்தாக எதுவும் வரவில்லை, அதனாலேயே அலட்சியமாக இருந்துவிட்டேன். "சின்ன வயசுல இறுக்கிப் பின்னினதுதான்" என்றார் மாமியார். ஒன்றரை வருடம் கரிசலாங்கண்ணித் தைலம், சின்ன வெங்காயச் சாறு. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

டாக்டர் "புருவத்தைத் தூக்குங்கம்மா" என்றார். நெற்றிச் சுருக்கம் எங்கே முடிகிறதோ அங்கேதான் பழைய முடி ஆரம்பித்த இடமாம். அதற்கு மேலே இரண்டு விரற்கடைக்குச் சுருக்கமே விழாத, வெளுத்த, வழவழப்பான தோல். நடுவில் தனித்தனியாக நாலைந்து முடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே மயிர்க்கால் துவாரமே இல்லை. ஓரத்தில் மிஞ்சிய முடிகளைச் சுற்றிச் சிவப்பும் செதிலும். இறுக்கிப் பின்னியதால் உதிர்ந்திருந்தால் ஓரத்தில் மெல்லிய முடி வரிசை நிற்குமாம், எனக்கு அது இல்லை. தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் உறுதியானது: ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா, அதாவது முன்நெற்றியில் தழும்பு விழுந்து முடி உதிரும் நோய். 1994இல்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன் கொசார்ட் என்ற மருத்துவர் இதை விவரித்தார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரியாததில் ஆச்சரியமில்லை.

மயிர்க்காலைச் சுற்றி அழற்சி வந்து, அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. தழும்பில் எதைத் தேய்த்தாலும் முளைக்காது. மருந்தெல்லாம் இருக்கிற முடியைக் காப்பாற்றத்தான். எனக்கு க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு லோஷன், ஓரத்தில் ஸ்டீராய்டு ஊசி, அழற்சியைக் குறைக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. மாத்திரைக்காகக் கண் பரிசோதனையும் செய்தார்கள். "ஸ்டீராய்டா!" என்று பதற வருபவர்களுக்கு: டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்கிறேன். நாட்டு மருந்துக்கு நான் எதிரியும் இல்லை, அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம்தான் தேய்க்கிறோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் நெற்றியையே பார்த்துவிட்டு, "பொண்ணுக்கும் இப்படி ஆகுமா?" என்று தரகரிடம் கேட்டனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முழு வழுக்கை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்டோமா? அவள் அன்று சாப்பிடவே இல்லை.

டாக்டர் ஒவ்வொரு முறையும் புருவ மத்தியிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை டேப் வைத்து அளப்பார். கடைசி மூன்று தடவையாக 9 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. நீங்களும் இன்றே அளந்து, தேதியோடு எழுதி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போங்கள்.