கதவைச் சரிசெய்தார், தவறை ஒப்புக்கொள்ளவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் கணவர் பொறுப்பானவர். குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதும் இல்லை. ஆனால் இத்தனை வருடங்களில் ஒரு முறைகூட "என் மேல்தான் தப்பு" என்று சொன்னதில்லை. சென்ற மாதம் உறவினர்கள் முன்னால், "இவளிடம் பணத்தைக் கொடுத்தால் அவ்வளவுதான்" என்று சிரித்தார். இரவு கேட்டதற்கு, "விளையாட்டாகச் சொன்னேன், உனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்" என்றார். மறுநாள் நான் எழுவதற்கு முன்பே, வெகுநாட்களாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த அலமாரிக் கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி மல்லுக்கு நின்றதுதான் மிச்சம். இப்போது என் மகனும் தங்கையின் பொருளை உடைத்தால் வாய் திறப்பதில்லை. தன் கலர் பென்சில்களை அவள் மேசையில் வைத்துவிட்டு நழுவிவிடுகிறான். இவர்களுக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விடிந்ததும் விடியாததுமாக யாரும் சும்மா கீலைக் கழற்ற மாட்டார்கள். அவருக்கு வருத்தம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வாய்தான் வரவில்லை.

'நான் செய்தது தவறு' என்பது குற்ற உணர்வு. 'நானே மட்டமானவன்' என்பது அவமான உணர்வு. முன்னது தவறைச் சரிசெய்யத் தூண்டும். பின்னது ஒளியச் சொல்லும், அல்லது எதிரில் இருப்பவர் மேல் பழியைத் திருப்பும். உண்மையை ஒப்புக்கொண்டதற்காகவே சிறு வயதில் ஏச்சும் கேலியும் வாங்கியவர்களுக்கு இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடுவதுண்டு. உங்கள் கணவர் எப்படி வளர்ந்தார் என்று சண்டையில்லாத ஒரு நாளில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கேட்க எரிச்சலாக இருக்கும். மறுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. டைலர் ஒகிமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்க மறுத்தவர்களுக்குத் தன்மதிப்பும், பிடி தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடியிருந்தன. நீங்கள் மல்லுக்கு நிற்க நிற்க அந்தப் பிடி இறுகத்தான் செய்யும்.

அதனால் கேட்பதை மாற்றுங்கள். மன்னிப்பின் ஆறு கூறுகளை ஒப்பிட்ட ராய் லெவிக்கி குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பதே மிக முக்கியமானதாக வந்தது. 'என்னை மன்னித்துவிடு' என்ற கோரிக்கை கடைசி இடத்தில் நின்றது. "கதவைச் சரிசெய்ததைக் கவனித்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது தவறு என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும்" என்று சொல்லுங்கள். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்; அது நேராக அவமானத்தில்தான் போய்க் குத்தும்.

இவ்வளவும் அவருக்காக வாதாடுவது ஆகாது. "உனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்" என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது வழக்கமாகி, உங்கள் மனம் புண்பட்டது நியாயம்தானா என்று நீங்களே சந்தேகப்படத் தொடங்கினால், அவர் வந்தாலும் வராவிட்டாலும் நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

மகன் விஷயத்தில் கவலை குறைவு. பென்சில்களைக் கொடுக்கிறானே, பாதி வேலை முடிந்தது. "சாரி சொல்லு" என்று அதட்டாமல், "நான்தான் உடைத்தேன்" என்று தங்கையிடம் சொல்ல வையுங்கள். சொன்ன பிறகு திட்டாதீர்கள். அப்போது அவன் அப்பாவும் அந்த அறையில் இருந்தால் நல்லது.