ஐசியுவைக் காட்டச் சொல்லுங்கள், அக்கா

தக்கலை அக்காவுக்கு,

மகளை பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபியில், அதாவது சுவாச சிகிச்சைப் படிப்பில், சேர்க்கலாமா, எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். செயற்கையாக மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டரைக் கவனிப்பது, மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ஏபிஜிக்கு (ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுப்பது, தொண்டைக் குழாயில் கட்டும் சளியை உறிஞ்சி எடுப்பது, எல்லாம் கையால் செய்து பழக வேண்டிய வேலைகள். அதனால் கல்லூரியைவிட அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பையனுக்காக ஒரு கல்லூரிக்கு நேரில் போயிருந்தேன். ஆய்வகத்தில் புது வென்டிலேட்டர் நின்றது. மேலே போட்டிருந்த பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் வருடப் பிள்ளைகள் அதைத் தொட்டதே இல்லை என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே ஐசியுவில் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது, சொல்லிக்கொடுப்பவர் இதே படிப்பு படித்தவரா என்று கேளுங்கள். கேன்டீனில் ஒரு கடைசி வருட மாணவியைப் பிடித்து, "இந்த வாரம் எத்தனை ஏபிஜி எடுத்தாய், மோளே?" என்று கேளுங்கள். அவள் முகமே பதில் சொல்லிவிடும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு வருட சர்டிபிகேட் கோர்ஸ் என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். 2021-ல் வந்த மத்தியச் சட்டப்படி, டெக்னீஷியன் நிலைக்கே இரண்டு வருடத்துக்குக் குறையாமல், குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் கல்ஃப் கனவு இருக்கிறது. அங்கே சர்டிபிகேட்டை கொடுத்த இடத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். அப்போது அழுது பயனில்லை.

கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா, இந்தப் படிப்புக்கே அந்த இணைப்பு உண்டா என்று பாருங்கள். துணை மருத்துவப் படிப்புகளுக்கான அரசு கலந்தாய்வுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வேலூர் சிஎம்சிக்குத் தனியாகப் போட வேண்டும். பெண்பிள்ளை, தூரம் என்று யோசிக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வீட்டுப் பக்கத்தில் காலி ஐசியுவில் நான்கு வருடம் நிற்பதைவிட, ரயிலேறிப் போய் நோயாளிகள் நிறைந்த வார்டில் கற்பது அவளுக்கு நல்லது.

நேரில் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் காலையில் போங்கள். ஐசியு மெஷின்களின் அலாரச் சத்தத்தை அவள் காது கேட்கட்டும். நைட் ஷிப்ட் உண்டு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.