வீட்டில் இறந்தால் இன்சூரன்ஸ் இல்லையா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். என் கணவர் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் கட்டிங் மாஸ்டர். இரண்டு மாதத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வீட்டிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். கம்பெனியில் 25,000 ரூபாய் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ‘வேலை நேரத்தில் சாகவில்லை, அதனால் இன்சூரன்ஸ் கிடையாது. பி.எஃப்.புக்கு நாமினி அவர் தம்பிதான்’ என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்தது அது. ஆறு வயது மகளும், என் கணவர் வருமானத்தை நம்பியே இருந்த மாமியாரும் என்னோடு இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு நகல் வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: சீட்டைப் பார்த்தேன் அம்மா. சம்பளம் 14,000. பிடித்தம் பி.எஃப் 1,680, ஈ.எஸ்.ஐ 105. இன்சூரன்ஸ் என்று ஒரு வரிகூட இல்லை, இருக்கவும் இருக்காது. ஈ.டி.எல்.ஐ என்ற அந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. முதலாளிதான் சம்பளத்தில் 0.5 சதவீதம் கட்டுகிறார். சீட்டில் வராததாலேயே பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது.

1976 முதல் இருக்கும் திட்டம் இது. பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் போதும். மிஷின் பக்கத்தில் விழுந்தாரா, வீட்டுப் பாயில் போனாரா என்று சட்டம் கேட்பதில்லை. கணக்கு இப்படி: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல 35 மடங்கு, அதோடு பி.எஃப் கணக்கின் சராசரி இருப்பில் பாதி. இருப்பு இரண்டு லட்சம் என்று வைத்தால் 4,90,000 + 1,00,000, ஆக 5,90,000 ரூபாய். உச்சவரம்பு 7 லட்சம்.

தம்பி விஷயம். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. பி.எஃப் திட்டமே அப்படிச் சொல்கிறது. போதாததற்குத் தம்பி ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வரவே மாட்டார். அதற்காக எல்லாம் உங்களுக்கே என்று நினைத்துவிடாதீர்கள். மகனை நம்பியிருந்த தாயும் குடும்பம்தான். பி.எஃப் பணமும் ஈ.டி.எல்.ஐ பணமும் உங்களுக்கு, மகளுக்கு, மாமியாருக்கு என்று மூன்று சம பங்கு. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதுதான் சட்டம். பி.எஃப் அலுவலகம் தரும் விதவை பென்ஷன் மட்டும் உங்களுக்கே; அதில் கால் பங்கு அளவுக்கு மகளுக்கும் தனியாக, 25 வயது வரை வரும்.

வெற்றுத்தாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தப் பணம் தருவது பி.எஃப் அலுவலகம், நீங்கள் கம்பெனிக்குப் போட்ட கையெழுத்து அதைத் தடுக்காது. கம்பெனி தர வேண்டியது கிராஜுவிட்டி, அதாவது வேலை பார்த்த வருடங்களுக்கான பணிக்கொடை. இறப்பு என்றால் குறைந்தது ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்குகூடக் கிடையாது. உங்களுக்கோ எட்டு வருடம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்: 14,000 × 15 ÷ 26 × 8 = ஏறக்குறைய 64,600 ரூபாய். கொடுத்த 25,000 அதற்கு ஈடாகாது. தராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு போடுங்கள்.

எனக்குக் கவலை வேறு ஒன்று. பி.எஃப் கணக்கில் கம்பெனி விலகிய தேதியையும் காரணத்தையும் பதிவு செய்யும். அங்கே ‘பணியில் இருக்கும்போது இறப்பு’ என்று இல்லாமல், முந்தின மாதமே வேலையை விட்டதாகப் போட்டுவிட்டால் ஈ.டி.எல்.ஐ சிக்கலாகும். அதை முதலில் பாருங்கள். தப்பாக இருந்தால் இறப்புச் சான்றிதழையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வைத்து பி.எஃப் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மாதாமாதம் 27-ஆம் தேதி ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைதீர்க்கும் முகாம் நடக்கும், அங்கேயும் போகலாம். இறப்பு கோரிக்கைக்குப் பி.எஃப், பென்ஷன், காப்பீடு மூன்றுக்கும் ஒரே படிவம்தான். கம்பெனி கையெழுத்துப் போடாவிட்டால் வங்கி மேலாளர் போடலாம்.

அப்புறம், ஈ.எஸ்.ஐ.யில் ஈமச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் உண்டு. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.

பி.எஃப் ஆபீஸ் வாசல் டீக்கடையில் ‘வர்ற பணத்துல இருபது பர்சென்ட்’ என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கறிஞர்கூட அப்படிப் பங்கு பேசக் கூடாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையெழுத்தும் தேவைப்படும்.