கேள்வி பதில்: மலையில் தோண்டிய ஆலிவ்

போன இதழில் என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஆலிவ் போன்சாய் ஒன்றின் படம் வந்திருந்தது. 'அடிலெய்டு மலைச்சரிவில் தோண்டி எடுத்தது' என்று படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை இடத்தை அடைத்துவிட்டன. ரோஜாவுக்கு உரம் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

மலையில் தானாக வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வந்து தொட்டியில் அடைப்பது கலையா, திருட்டா?
(வாசகர், மோட்பரி, அடிலெய்டு)

யாருடைய நிலம், என்ன மரம் என்பதைப் பொறுத்தது. ஆலிவ் ஆஸ்திரேலியாவின் மரமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்து நட்டார்கள். சாமுவேல் டேவன்போர்ட் போன்றவர்கள் இது எண்ணெய்க்கு ஏற்ற மண் என்று ஊரெல்லாம் சொல்லி வளர்த்தார்கள். அப்புறம் பல தோப்புகள் கவனிப்பாரற்றுப் போக, பழத்தைத் தின்ற ஸ்டார்லிங் குருவிகளும் நரிகளும் கொட்டையை மலை முழுக்க விதைத்துவிட்டன. நம் ஊரில் சீமைக்கருவேலம் எப்படியோ அப்படி. பயிராகவோ வீட்டுத் தோட்டத்திலோ பராமரிக்கப்படாத ஆலிவ் எல்லாம் தெற்கு ஆஸ்திரேலியாவில் சட்டப்படி களை, அதைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரர் பொறுப்பு. இலையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கோடையில் தீப்பிடித்தால் மடமடவென்று எரியும், தன் நிழலுக்கடியில் இந்த மண்ணின் செடிகளை முளைக்கவும் விடாது.

களைதானே என்று கேட்காமல் தோண்டினால் அது திருட்டுதான். தேசியப் பூங்கா, கவுன்சில் நிலம், சாலையோரம் எதிலும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. நான் எப்போதும் தனியார் நிலத்துக்காரரிடம் போய்க் கேட்பேன். "ஆலிவ் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், வேரோடு எடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடும். ஒரு பெரியவர் தேநீர் போட்டுக் கொடுத்து, "ஒன்று போதுமா, அந்தப் பக்கம் இன்னும் நாற்பது நிற்கிறது" என்றார். குழியை மூடிவிட்டு, வேலிக்கதவைச் சாத்திவிட்டு வந்தால் அடுத்த வருடமும் உள்ளே விடுவார்கள்.

எந்த மாதத்தில் தோண்ட வேண்டும்? எவ்வளவு வேரோடு எடுக்க வேண்டும்?
(வாசகி, சேலிஸ்பரி, அடிலெய்டு)

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கும் நேரம். வருடம் முழுக்கத் தோண்டலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், பிழைக்கவும் செய்கிறது, ஆனால் ஜனவரி வெயிலில் கடப்பாரை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

வேர் விஷயத்தில்தான் ஆலிவ் மற்ற மரங்களைப் போல இல்லை. மண்ணை ஒட்டிய அடிமரத்தைத் தடவிப் பாருங்கள், முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். உறங்கும் மொட்டுகள் அந்த முண்டுகளுக்குள்தான் இருக்கின்றன, துளிரும் வேரும் அங்கிருந்தே கிளம்பும். அதனால் பக்கத்தில் கிடக்கும் சல்லிவேர் கொஞ்சம் கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்றாலும் அழ வேண்டாம். தொடை கனமுள்ள அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ ஆழம் தோண்டி, பக்கவேர்களை வெட்டி, கீழே நேராக இறங்கும் தடித்த வேரைக் கைரம்பத்தால் அறுத்துவிட வேண்டியதுதான். சங்கிலி ரம்பத்தை மண்ணுக்குள் விடாதீர்கள், மணல் பட்டதும் பல் மழுங்கிவிடும். மேலே கிளை, இலை எதையும் வைத்துக்கொள்ள ஆசைப்படாமல், மரம் என்ன உயரத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தைத் தட்டையாக அறுத்து, வெட்டுவாயைக் கூரான கத்தியால் வழுவழுவென்று சீவுங்கள். பிசிறு இருந்தால் அழுகும். மேல் வெட்டுக்கு மட்டும் காயத்தை மூடும் பூச்சு. பிறகு 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவுள்ள எரிமலைக் கல், பியூமிஸோ ஸ்கோரியாவோ எது கிடைக்கிறதோ அது, அதில் நட்டு, ஆட்டினால் அசையாதபடி தொட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள். வேரே இல்லாத கட்டையாக இருந்தால் பெரிய பாலிதீன் பையால் மூடி, வெளிச்சம் உண்டு நேர்வெயில் இல்லை என்கிற இடத்தில் வைக்கலாம், உள்ளே ஈரம் நிற்கும். பையை வெயிலில் வைத்தால் கட்டை அவிந்துவிடும்.

செப்டம்பரில் தோண்டிய ஆலிவ் நவம்பரில் துளிர்த்துவிட்டது! பத்துப் பதினைந்து துளிர். கம்பி கட்டலாமா, உரம் போடலாமா?
(வாசகர், மவுண்ட் பார்க்கர்)

தொடாதீர்கள். தயவுசெய்து.

என் முதல் மரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் இப்படித்தான், அக்டோபரில் பட்டையைக் கிழித்துக்கொண்டு பச்சைப் புள்ளி புள்ளியாக வந்தது, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒவ்வொரு துளிரும் விரல் நீளம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாத துளிரைக் கிள்ளினேன், வேண்டியதற்குக் கம்பி சுற்றினேன், உரத்தையும் அள்ளிப் போட்டேன், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினேன். ஜனவரியில் நாற்பது டிகிரியைத் தாண்டிய ஒரு நாள், காலையில் நிமிர்ந்து நின்ற துளிர்கள் சாயங்காலம் வெந்த கீரை போலத் தொங்கின. தண்ணீர் ஊற்றினேன், நிழலில் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், நான் அறுத்த வெட்டுவாய் அறுத்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது. ஓரத்தில் மட்டும் மெழுகு வழிந்து உறைந்தது போல வெள்ளையாக ஒரு வளையம். ஒரு வேர்கூட இல்லை.

நடந்தது இதுதான். அத்தனை கனமான கட்டைக்குள் நீரும் மாவுச்சத்தும் மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்குச் சேமிப்பில் இருக்கும். அதைச் செலவழித்துத்தான் முதல் துளிர் வருகிறது. வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அது அடையாளமே இல்லை. அந்தத் துளிரில் விரியும் இலை சமைத்து அனுப்பும் சத்தில்தான் கீழே வேர் உருவாக வேண்டும், நான் அந்த இலையைத்தான் கிள்ளி எறிந்தேன். வெள்ளை வளையம் தெரிந்ததே, அதுதான் வேர் விடுவதற்கு முன் காயம் ஆறும் தழும்பு. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் வந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது.

வேர் பிடித்ததைத் தொட்டியைக் கவிழ்க்காமல் கண்டுபிடிக்கலாம். முதல் துளிர் கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் அசையாது, நமக்குப் பொறுமை போய்விடும். பிறகு ஒருநாள் நுனியில் இருந்து புது இலைகள் கிளம்பி, தண்டு ஒரு சாணைத் தாண்டி ஓடும், அதன் அடிப்பாகம் தடிக்கும். அதைவிட நம்பகமான அடையாளம் தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருமுறை ஈரம் பார்த்துக்கொண்டிருந்த தொட்டி திடீரென்று தினமும் காய ஆரம்பிக்கும், அதாவது கீழே யாரோ குடிக்கிறார்கள். உரம் அதற்கப்புறம்தான். கம்பி, கவாத்து எல்லாம் இரண்டாவது கோடை முடிந்து. அதுவரை அது புதர் மாதிரி அசிங்கமாக நிற்கட்டும், படம் எடுக்காதீர்கள்.

கம்பி கட்டும் நாள் வந்ததும் ஒரு விஷயம். துளிர் பச்சை மாறி லேசாகப் பழுப்பேறும் பருவத்தில் கட்டுங்கள், அலுமினியக் கம்பி போதும். முதிர விட்டால் ஆலிவ் கிளை இரும்பு, வளைத்தால் அடிமரத்தோடு சேரும் இடத்தில் பெயர்ந்துகொண்டு வந்துவிடும். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும், ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. எந்தப் பக்கம் கிளை ஓட வேண்டுமோ அந்த ஜோடிக்கு மேலே வெட்டி, இரண்டு துளிரில் ஒன்றைக் கிள்ளிவிட்டால் கம்பியே இல்லாமல் திசை கிடைத்துவிடும்.

இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளியாக வெளுக்கிறது, அடியில் தார் தெளித்தது போலக் கருப்புப் பொட்டு. என்ன நோய்?
(வாசகி, மெல்பேர்ன்)

நோய் இல்லை, ஆலிவ் லேஸ் பூச்சி. இது மட்டும் அசல் ஆஸ்திரேலியக் குடிமகன், இங்குள்ள நோட்டிலியா என்கிற உறவுக்கார மரத்தில் இருந்து ஆலிவுக்குத் தாவியது. இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், கருப்புப் பொட்டு அதன் எச்சம். பூச்சிக்கான சோப்புக் கரைசலை அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. முட்டை இலைத் திசுவுக்குள் இருப்பதால் முதல் தெளிப்புக்குத் தப்பித்துவிடும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி தெளிக்க வேண்டும். கிளையில் கட்டி கட்டியாக வந்தால் அது வேறு, பாக்டீரியா. அதற்குக் கீழே வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்கவும்.

சிட்னி மேற்குப் பக்கம் காடு காடாக நிற்பதும் இதே ஆலிவ்தானா?
(வாசகர், பிளாக்டவுன்)

பெரும்பாலும் ஆப்பிரிக்க ஆலிவ், கிளையினம் வேறு. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளி போல இருந்தால் ஐரோப்பிய ஆலிவ், மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் ஆப்பிரிக்கன். அங்கே அதுவும் களைதான், போன்சாய்க்கும் நன்றாக வரும். முறை ஒன்றே.

வணக்கம் அண்ணை. நான் பலெர்மோவில் இருக்கிறேன். சிசிலியில் மலையெல்லாம் காட்டு ஆலிவ். அங்கே தோண்டலாமோ? உங்களுக்கும் ஒரு கட்டை அனுப்பவோ?
(வாசகர், பலெர்மோ)

அனுப்பும் பேச்சே வேண்டாம் தம்பி! 2013இல் தெற்கு இத்தாலியின் புலியாவில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைத்து, நூற்றாண்டு கண்ட ஆலிவ்களை நின்ற இடத்திலேயே காயவைத்தது. சாறு உறிஞ்சும் நுரைப்பூச்சி ஒன்றுதான் மரத்துக்கு மரம் அதைக் கடத்துகிறது. ஆஸ்திரேலியாவில் அது இல்லை, வந்துவிடக் கூடாது என்று எல்லையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு குச்சியைத் தபாலில் போட்டாலும் குற்றம்.

தோண்டுவது பற்றி: உங்கள் பக்கம் நிற்பதுதான் அசல். எனக்குக் கிடைப்பது தோப்பில் இருந்து தப்பி ஓடிய ஆலிவின் பேரப்பிள்ளைகள். மத்தியதரைக்கடல் கரையின் காட்டு ஆலிவ் வேறு தினுசு, சின்ன இலை, இளம் கிளையில் முள், ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகி முறுக்கிய அடிமரம். ஸ்பெயினில் அசெபுச்சே, மயோர்க்காவில் உயாஸ்திரே என்று சொல்லிப் போன்சாய்க்காரர்கள் உயிரை விடுவது இதற்குத்தான். ஆனால் அங்கே அது களை அல்ல, அந்த மண்ணின் மரம். ஆலிவை இஷ்டத்துக்கு வெட்டுவதைத் தடுக்க இத்தாலியில் 1945லேயே சட்டம் போட்டார்கள். நிலத்துக்காரர், கம்யூனே எனும் உள்ளாட்சி அலுவலகம் இரண்டு இடத்திலும் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். கட்டடம் கட்ட நிலத்தைச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அங்கே போய் நில்லுங்கள், அதுதான் மனசுக்கும் நல்லது.

மதுரையில் ஆலிவ் வளருமா? ஒலிவம், சைத்தூன், ஆலிவ் மூன்றும் ஒன்றா?
(வாசகி, மதுரை)

மூன்றும் ஒன்றே. பைபிளில் ஒலிவ மரம், இஸ்லாமியர் வீடுகளில் சைத்தூன், கடையில் ஆலிவ். மதுரையில் தொட்டியில் உயிரோடு இருக்கும், பூக்காது, பூமொட்டு கட்ட அதற்குக் குளிர்காலம் வேண்டும். தோண்டும் ஆசை இருந்தால் ஆலிவை மறந்துவிட்டுப் பழைய கட்டடத்துச் சுவரைப் பாருங்கள். விரிசலில் ஆலும் அரசும் இச்சியும் முளைத்து நிற்கும், வீட்டுக்காரரே எப்படியும் வெட்டப்போகிறார். காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள்.

போன்சாயில் பட்டுப்போன மரப்பகுதிக்கு வெள்ளை அடிக்கிறார்களே, அது சுண்ணாம்பா?
(வாசகர், அடிலெய்டு)

சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசல். மரம் உளுத்துப்போகாமல் காக்கும், காய்ந்ததும் வெளுக்கும். ஆலிவுக்குப் பளீர் வெள்ளை எனக்குப் பிடிப்பதில்லை, ஒரு சொட்டுக் கருப்பு மை கலந்தால் வெயிலில் கிடந்த எலும்பு நிறம் வரும். முதலில் மரப்பகுதியைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு தூரிகையால் பூசுங்கள், உயிருள்ள பட்டையிலும் மண்ணிலும் படாமல். கையுறை, கண்ணாடி கட்டாயம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கவும்.